விலைக்கு அடங்காத வாய்: சேதுக்கரையில் புகையிலைத் தேவையின் பொருளியல்

(ஆர்.எஸ்.மங்கலத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ராஜசிங்கமங்கலத்தின் பெரிய கண்மாய் நெல்லுக்குத் தண்ணீர் தருகிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊர் பெருமையோடு சொல்லும் கண்மாய் அது. கரம்பை நிலம் முண்டு மிளகாய் தருகிறது. கிழக்கே தொண்டிக் கடல் மீன் தருகிறது. ஆனால் இந்த வட்டாரத்தின் பெட்டிக்கடைகளில் நாள் தவறாமல் விற்கும் சரக்கு ஒன்று இந்த மண்ணில் விளைவதில்லை. பீடிக்குள் இருக்கும் தூள் வேறு மாநிலத்தது. அதைச் சுற்றியிருக்கும் இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளில் பறித்தது. வாயில் அடக்கும் புகையிலை வேடசந்தூரிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ வருகிறது. விளைவிப்பவர் இல்லாத ஊரில் வாங்குபவர் மட்டும் இருக்கிறார். புகையிலை வரலாற்றை வாங்குபவரின் பக்கமிருந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

புகையிலை வரலாறு பெரும்பாலும் தோட்டக்காரர், வணிகர், கம்பெனி, அரசு இவர்களின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு துண்டுப் புகையிலைக்காகக் காசை எடுத்து நீட்டிய கை அதில் அதிகம் தென்படுவதில்லை. அந்தக் கை ஏன் நீண்டது, விலை ஏறியபோது மடங்கியதா, மடங்காவிட்டால் வேறு எந்தப் பக்கம் திரும்பியது என்ற கேள்விகளே இந்தச் சொற்பொழிவின் பொருள். ராமநாதபுரம் கடற்கரையான இந்தச் சேதுக்கரையிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் கிடைக்கும் விடை தெளிவானது: விலை ஏறினால் பழகியவர் பெரும்பாலும் விடுவதில்லை, வகையை மாற்றுகிறார். அரசுகள் இதை முன்னூறு ஆண்டுகளாக அறிந்திருக்கின்றன. அந்த அறிவின் மேல்தான் புகையிலை வரி என்ற கட்டடமே எழுந்தது.

இந்தச் செடி அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக், 1600களின் தொடக்கத்தில் அக்பரின் அவைக்குப் புகையிலையையும் புகைக்குழாயையும் கொண்டுபோன செய்தியை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1617இல் ஜஹாங்கீர் புகைப்பதைத் தடை செய்தார். அதற்கு முன்பே, 1604இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து நூல் எழுதியதோடு, ராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதி வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். இரண்டு மன்னர்களின் கட்டளையும் நிற்கவில்லை. இங்கிலாந்தில் கதையை மாற்றியது விலைச் சரிவு. வர்ஜீனியாவில் 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் தொடங்கிய பயிர் சில பத்தாண்டுகளில் பெருகியது. ஷில்லிங் கணக்கில் விற்ற சரக்கு பென்ஸ் கணக்குக்கு இறங்கியது. கனவான்களின் பொழுதுபோக்காக இருந்தது கூலிக்காரரின் அன்றாடச் செலவானது.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பாதை அப்படியே பொருந்தாது. இங்கே புகையிலைக்கு இடம் முன்கூட்டியே தயாராக இருந்தது. வெற்றிலைப் பெட்டி இருந்தது, பாக்குவெட்டி இருந்தது, சுண்ணாம்புக் கரண்டகம் இருந்தது. விருந்தாளிக்குத் தாம்பூலம் நீட்டும் பழக்கம் இருந்தது. ஐரோப்பியக் கூலிக்காரர் களிமண் குழாய் வாங்க வேண்டும், நெருப்பு தேட வேண்டும். நம் ஊரில் ஒரு கிள்ளு இலையைத் தாம்பூலத்தோடு சேர்த்தால் போதும். புதிய பொருளைத் தொடங்க ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்தே வாங்கப்படும் பொருள்களைப் பொருளியலில் நிரப்புப் பொருள்கள் என்பார்கள். வெற்றிலையும் பாக்கும் புகையிலைக்குக் கடை திறந்து கொடுத்தன. பெண்களும் தொடக்கத்திலேயே வாங்குவோராக ஆனதற்குக் காரணம் இதுதான். புகைப்பது பெண்ணுக்கு ஆகாது என்று சொன்ன ஊர், சுருக்குப்பையில் புகையிலைத் துண்டு வைத்திருந்த பாட்டியை ஒன்றும் சொல்லவில்லை.

பசியும் ஒரு காரணம். நிக்கோட்டின் பசியை மட்டுப்படுத்துகிறது. நடவிலும் கரிமூட்டத்திலும் உப்பளத்திலும் இரவுக் கடலிலும் வேலை செய்பவருக்கு, அடுத்த சோறு வரும்வரை உடம்பை நிறுத்தி வைக்கும் மலிவான வழியாக அது இருந்தது. நடவாட்களுக்குக் கூலிக்கு மேல் வெற்றிலை, பாக்கு, புகையிலை கொடுப்பது பல ஊர்களில் வழக்கம். கூலியின் ஒரு பகுதியாகவே ஒரு பொருள் வந்து சேரும்போது, அதை விரும்பி வாங்கினார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேலை கொடுத்தவரே பழக்கத்தையும் கொடுத்தார். இதைப் பொருளியல் நூல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

இனி கடலுக்கு அப்பால். சேதுக்கரையின் கதையில் மிக வளமான பகுதி யாழ்ப்பாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே நடந்த புகையிலை வணிகம். யாழ்ப்பாணத்தின் செம்மண்ணில் கிணற்றுநீர் இறைத்து வளர்த்து, தேங்காய் மட்டைப் புகையில் பதப்படுத்திய கறுத்த, காரமான இலை அது. அதை விரும்பிக் கேட்டவர்கள் மேற்குக் கடற்கரையின் மலையாளிகள். யாழ்ப்பாணத்திலேயே அந்த ரகத்துக்கு மலையாளப் புகையிலை என்றுதான் பெயர். விளைவித்தவரின் பெயர் ஒட்டவில்லை, மென்றவரின் பெயர் ஒட்டியது. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட டச்சுக் கம்பெனி இந்த வணிகத்தைத் தன் அனுமதிச் சீட்டுக்குள் அடக்கப் பார்த்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு புகையிலையைத் தன் ஏகபோகமாக்கியது. ஒருபுறம் ஏற்றுமதியைப் பிடித்தவர், மறுபுறம் இறக்குமதியைப் பிடித்தவர். நடுவில், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமைக் கடல்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொல்லம் போகும் தோணி இலங்கைத் தீவைச் சுற்றிவர விரும்பாவிட்டால், பாம்பன் வழியாகவோ மன்னார் வழியாகவோ நுழைந்துதான் ஆக வேண்டும். பாம்பன் வாய்க்காலை யார் கடக்கலாம், யாருக்குச் சுங்கம் என்பதில் சேதுபதிகளுக்கும் டச்சுக்காரருக்கும் நெடுங்காலம் இழுபறி இருந்தது. முத்தும் சங்கும் அந்த இழுபறியின் புகழ்பெற்ற காரணங்கள். ஆனால் அதே தண்ணீர் வழியே புகையிலைப் பொதிகளும் போயின. அந்தப் பொதிகள் விற்ற காசில்தான் யாழ்ப்பாணம் தன் அரிசியின் ஒரு பகுதியை வெளியிலிருந்து வாங்கியது. ஓர் ஊரின் வாய்ப்பழக்கம் இன்னோர் ஊரின் சோற்றுப்பானையை நிரப்பியது என்பது இங்கே நேரான வணிகக் கணக்கு.

திருவிதாங்கூர் அரசு இந்தத் தேவையை எப்படிப் புரிந்துகொண்டது என்பதில்தான் பொருளியல் இருக்கிறது. உப்பு, மிளகு, புகையிலை மூன்றும் அதன் கருவூலத்தைத் தாங்கிய தூண்கள். மிளகு வெளிநாட்டாரிடம் வாங்கும் காசு. உப்பு எல்லோருக்கும் வேண்டியது. புகையிலையோ இல்லாமலும் வாழக்கூடிய பொருள். ஆனால் பழகியவர் அதை உப்பைப்போல் வாங்கினார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே அரசு பெரும் இடைவெளி வைத்தும் விற்பனை நின்றுவிடவில்லை. பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் புகையிலைக்கு ஏகபோகம் கிடையாது. ஆகவே மலைக் கணவாய்களின் இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் கிராக்கி. கள்ளச்சரக்கு மலையேற இது போதும்.

அப்படியும் யாழ்ப்பாண இலையின் இடத்தை மலிவுச் சரக்கு முழுவதும் பிடித்துவிடவில்லை. 1863இல், கும்பகோணத்தில் பிறந்த திவான் தி. மாதவராவ் ஏகபோகத்தை எடுத்துவிட்டு இறக்குமதித் தீர்வையாக மாற்றினார். அப்போது யாழ்ப்பாணம், திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று இலை வந்த ஊரைப் பார்த்து வகை பிரித்தே தீர்வை வைக்கப்பட்டது. இந்த வகைப்பாடே ஒரு சான்று. வாங்குபவருக்குப் புகையிலை என்று ஒரே பொருள் இல்லை. காரம், நிறம், வாசனை வேறான பல பொருள்கள் இருந்தன. ஒன்றின் விலை ஏறும்போது இன்னொன்றுக்கு மாறும் தூரம் எவ்வளவு என்பதே வரிக்கான எல்லை. 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் தங்களுக்குள் சுங்கத் தடைகளை நீக்க உடன்படிக்கை செய்தபோதும், புகையிலை விதிவிலக்குப் பட்டியலில் இருந்தது. மற்றப் பொருள்களின் தீர்வையை விட்டுக்கொடுக்க மனம் வந்தது, இதை விட வரவில்லை.

யாழ்ப்பாண விவசாயிக்கு இந்த ஒரே வாடிக்கையாளர் பிற்காலத்தில் பாரமானார். தீர்வை ஏற ஏற, இந்திய இலைகள் போட்டிக்கு வர வர, மலையாளச் சந்தை சுருங்கியது. 1930களில் யாழ்ப்பாணத்தார் மலையாளப் புகையிலைக்கென்றே கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். ஒரு பகுதி இலை சுருட்டாக மாறி, தென்னிலங்கையில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக் கடைகள் வழியே சிங்களவரின் கைக்குப் போனது.

இதற்கு வெகு முன்பே நடந்ததில், கோயம்புத்தூரும் மலபாரும் இன்னொரு பாடம் வைத்திருக்கின்றன. மலபார் மென்றது, ஆனால் தேவைக்கு விளைவிக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூர் இலை போனது. கிழக்கிந்தியக் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாதையை ஏகபோகமாக்கியது. விவசாயி கம்பெனிக்கே விற்க வேண்டும், கம்பெனி சொன்ன விலைக்கு. மலபார்க்காரர் கம்பெனியிடமே வாங்க வேண்டும், அதுவும் கம்பெனி சொன்ன விலைக்கு. கொச்சி எல்லையும் பிரெஞ்சுக்காரரின் மாஹேயும் பக்கத்தில் இருந்ததால் கள்ளச்சரக்கு ஓயவில்லை. உள்ளேயும் ஓட்டை இருந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் வில்லியம் காரோவின் கச்சேரியில் கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி, அந்தப் பதவியின் பலத்தில் புகையிலை வணிகம் செய்து பெரும் மோசடி நடத்தியதை, தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் நடத்திய விசாரணை வெளிக்கொண்டு வந்தது. காரோ பதவி இழந்தார். ஏகபோகம் மட்டும் 1853 வரை நீடித்தது. விலையை எவ்வளவு உயர்த்தினாலும் மக்கள் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை, அந்த விலைக்கும் அடக்கத்துக்கும் இடையே இருக்கும் லாபத்தை யார் எடுப்பது என்ற சண்டையைக் கச்சேரிக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது. அந்த லாபம் முழுக்க மலபாரின் ஏழைகள் கொடுத்த காசு.

திருச்சிச் சுருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. திண்டுக்கல் பக்கத்து இலை, உறையூர்க் கைகள், திருச்சிப் பெயர். 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே சாம்பலைப் பார்த்துத் துப்பறிவாளர் கண்டுபிடிப்பது இந்தச் சுருட்டைத்தான். ஸ்பென்சர் கம்பெனி அதைக் கப்பலேற்றியது. ஆனால் இது வெள்ளைக்காரர் தேவை. நம் ஊரின் தேவையை மாற்றியவை பீடியும் சிகரெட்டும்.

1880களில் அமெரிக்காவின் ஜேம்ஸ் பான்சாக் செய்த இயந்திரம் ஒரே நாளில் லட்சத்துக்கு மேல் சிகரெட் சுருட்டியது. கையால் சுருட்டியவர் நாளெல்லாம் உழைத்தாலும் சில ஆயிரத்தைத் தாண்ட முடியாது. விலை சரிந்தது, கம்பெனிகள் உலகெங்கும் சந்தை தேடின. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தொடங்கியது, இன்றைய ஐ.டி.சி. அதன் வாரிசு. ஆனால் இந்தியாவில் சிகரெட்டுக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுந்தது. இயந்திரம் இல்லாத பீடி விலையில் சிகரெட்டை வென்றது. காட்டு இலை, சிகரெட்டில் இருப்பதில் சிறு பங்கே ஆன புகையிலைத் தூள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றும் பெண்ணின் மலிவுக் கூலி. இந்த மூன்றும் சேர்ந்த விலையோடு எந்த இயந்திரமும் போட்டியிட முடியவில்லை. சுதேசி இயக்கம் அதற்கு மதிப்பும் கொடுத்தது. முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று திருநெல்வேலிச் சீமை பீடி சுற்றும் சீமையானது. முக்கூடலின் சொக்கலால் ராம்சேட் பீடி தெற்கின் கடைதோறும் தொங்கியது. இன்னொரு பக்கம் திண்டுக்கல்லின் அங்குவிலாஸ் புகையிலை, டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி. பெயர் பார்த்து வாங்கும் வாடிக்கை இப்படித்தான் உருவானது. ஒரே புகையிலைத் துண்டு பெயரில்லாமல் விற்றபோது விலைக்காகப் பேரம் பேசியவர், பெயர் வந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டு வாங்கினார்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், பிரிட்டிஷ் இந்திய அரசு விளைந்த இலையின் மேலேயே கலால் வரி போட்டது. புகையிலை பயிரிட்டவர், பதப்படுத்தியவர், கிடங்கு வைத்தவர் எல்லோரும் கலால் அலுவலரின் கணக்குக்குள் வந்தார்கள். போர் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. பதப்படுத்தாத இலைக்கான கலால் 1979இல்தான் நீங்கியது. போர்க்காலத்தில் எந்தப் பொருளின் மேல் வரி வைத்தால் விற்பனை குறையாமல் காசு வரும் என்று யோசித்த அதிகாரிகளுக்கு, திருவிதாங்கூரும் மலபாரும் முன்பே விடை சொல்லி வைத்திருந்தன.

விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைத் தேவையின் நெகிழ்ச்சி என்ற பெயரில் முறைப்படுத்தியவர் ஆல்ஃபிரட் மார்ஷல், 1890இல். பழக்கப் பொருளுக்கு இந்தக் கணக்கு எப்படி வேறுபடும் என்பதைக் கேரி பெக்கரும் கெவின் மர்ஃபியும் 1988இல் எழுதினார்கள். 1994இல் அவர்கள் மைக்கேல் கிராஸ்மனோடு சேர்ந்து அமெரிக்க மாநிலங்களின் சிகரெட் விற்பனையை ஆராய்ந்தார்கள். விலை 10 விழுக்காடு ஏறினால் உடனடியாக விற்பனை சுமார் 4 விழுக்காடு குறைகிறது, நெடுங்காலத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. பழகியவர் தாங்கிக்கொள்கிறார், புதியவர் தொடங்கத் தயங்குகிறார். ஆகவே விலையின் விளைவு அடுத்த தலைமுறையில்தான் முழுதாகத் தெரியும். ஏகபோகம் நடத்திய திவான்களும் கம்பெனியாரும் பார்த்தது முதல் எண்ணை மட்டும். இரண்டாவது எண் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இன்றைய அரசுகளுக்கு அது மிகவும் தேவை.

ஆனால் அந்த அமெரிக்கக் கணக்கை ஆர்.எஸ்.மங்கலத்தின் பெட்டிக்கடையில் அப்படியே வைக்கக்கூடாது. அங்கே ஆராய்ந்தது சிகரெட் என்ற ஒரு பொருளை. இங்கே ஒரே கயிற்றில் சிகரெட்டும் பீடியும் புகையிலையும் பாக்குப் பொட்டலமும் தொங்குகின்றன. மிளகாய்ச் சந்தையில் மூட்டை தூக்குபவர் நல்ல நாளில் ஒரு சிகரெட்டும், மற்ற நாளில் ஒரு கட்டுப் பீடியும், கையில் காசு மிகவும் குறைந்தால் ஒரு துண்டுப் புகையிலையும் வாங்கலாம். பெட்டியை உடைத்து ஒன்றொன்றாக விற்கும் வழக்கம் இந்த மாறுதலை எளிதாக்குகிறது. சிகரெட்டுக்கு மட்டும் வரி ஏற்றினால் சிகரெட் விற்பனை குறைந்ததாகக் கணக்குக் காட்டலாம். நுரையீரலுக்கும் வாய்க்கும் அதனால் லாபமில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு வரியோடு செஸ்ஸும் சேர்ந்தது, பீடிக்கு 28 விழுக்காடு வரி மட்டும், செஸ் கிடையாது. 2025 செப்டம்பரில் பீடியின் விகிதத்தை 18 ஆகக் குறைக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களின் கூலியைக் காக்க என்று காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அவர்களைக் காக்கும் செலவு, பீடி பிடிக்கும் ஏழைக் கூலிக்காரரின் ஆயுளிலிருந்து கழிக்கப்படுகிறது. கூலியை உயர்த்தவும் மாற்று வேலை தரவும் வரிச்சலுகையைவிட நேரான வழிகள் உண்டு.

எண்கள் ஆறுதல் தரவில்லை. வயதுவந்தோரிடம் நடத்திய தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், 2009-10க்கும் 2016-17க்கும் இடையே இந்தியா முழுவதும் பயன்படுத்துவோர் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 ஆகக் குறைந்தனர். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2 விழுக்காடு 20 ஆக ஏறியது. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், நாட்டின் ஊரகக் குடும்பங்கள் பாக்கு, புகையிலை, மது வகைகளுக்குச் செலவிட்டது மொத்தச் செலவில் 3.79 விழுக்காடு, நகரத்தில் 2.43. கிராமத்துக்காரர் குறைவாகச் சம்பாதித்து, அதில் கூடுதல் பங்கை இதற்குக் கொடுக்கிறார்.

எல்லை தாண்டும் பழைய கதையும் முடியவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. அன்று யாழ்ப்பாண இலை இந்தக் கரையை உரசிப் போனது. இன்று மண்டபம் முதல் தூத்துக்குடி வரையிலான கரையிலிருந்து பீடி இலை மூட்டைகள் இரவில் படகேறி இலங்கைக்குப் போகின்றன. அங்கே பீடி பிடிப்பவர் உண்டு, பீடி இலைக்கு இறக்குமதி வரி கடுமை. இரண்டு விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அந்தப் படகுக்கு எரிபொருள். கடற்படையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் மூட்டைகளைப் பிடித்த செய்தி வராத மாதம் குறைவு. துரத்தும்போது கடலில் தள்ளிவிடப்பட்ட மூட்டைகள் மன்னார், புத்தளம் கரைகளில் ஒதுங்குவதும் உண்டு. பிடிபடுபவர் பெரும்பாலும் கூலிக்குப் படகோட்டிய மீனவர், மூட்டையின் சொந்தக்காரர் அல்ல. இலங்கை வரியை உயர்த்தியதில் தவறில்லை. ஒரு கரையில் வரியை ஏற்றி மறுகரையில் இறக்கினால், நடுவில் இருக்கும் இந்தக் கரையின் இளைஞர்கள் சிறைக்குப் போகிறார்கள் என்பதை இரண்டு தலைநகரங்களும் சேர்ந்து கணக்கில் எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டிய ஆய்வு நிறைய இருக்கிறது, அதற்கான சான்றுகள் இந்த மாவட்டத்திலேயே கிடக்கின்றன. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை வணிகக் குடும்பங்களின் பழைய பேரேடுகள், ராமநாதபுரம் சமஸ்தானத்தின் சுங்கக் கணக்குகள், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள மதுரை ஜில்லாக் கோப்புகள் ஆகியவற்றில் புகையிலை தனிப் பதிவாக எழுதப்பட்ட இடங்களைத் தொகுத்தால், கூலியில் எத்தனை பங்கு வாய்க்குப் போனது என்று கணக்கிட முடியும். மாணவர்கள் தங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம். பெட்டிக்கடைக் கடன் நோட்டில் பீடிக்கும் புகையிலைக்கும் எத்தனை பதிவு, அரிசிக்கும் பாலுக்கும் எத்தனை பதிவு என்று கடைக்காரரின் சம்மதத்தோடு பிரித்து எழுதலாம். மிளகாய் விலை ஏறிய மாதத்தில் சிகரெட்டும், இறங்கிய மாதத்தில் பீடியும் கூடுகிறதா என்று ஒரே ஆண்டில் தெரிந்துவிடும்.